கேட்டாலே தெரியும்

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுவது
விடிகாலை மூன்று மணிக்கு.
ஐந்தரைக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி.
கூட்டம் இதற்கு நடுவில்தான் என்றார் ஹாலன்,
பகலில் அவருக்குத் தூக்கம்.
பீளமேட்டிலிருந்து தாட்சாயணி
இரண்டு ஸ்வெட்டரும் நான்கு கேமராவுமாக வந்திறங்கினாள்.
நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன்,
இரண்டு கம்பெனிக்கும் பொது,
சம்பளம் பாதிப் பாதி.

முதல் நோட்டைப் புரட்டினால் இப்போதும் சிரிப்பு வருகிறது.
டேட்டா வேண்டும் என்றாள் அவள்.
டேட்டா, இன்றைக்குப் பதினேழு என்றார் அவர்.
தண்ணி நாலு கை திறக்கணும் என்றார்.
ஒரு கை எத்தனை லிட்டர் என்றாள்.
யார் கை என்பதைப் பொறுத்தது
என்று என் கையெழுத்தில் இருக்கிறது.
டீ ஆறி, ஆடை படிந்து,
கொட்டிவிட்டு வேறு போட்டு,
அதிலும் ஆடை.

இவளுக்கு முன்னால் எல்லநள்ளிப் பட்டறை போஜன்.
ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடிப்பார்.
இரண்டு வருஷம், ஒரு சண்டை கிடையாது.
கடைசியில் செய்தது
பழைய அதே டிரம்,
பச்சைப் பெயின்ட்.
அதற்கும் முன்னால் பெங்களூர்க்காரர்கள்.
ஒரு மத்தியானம் சுவரில் படம் காட்டினார்கள்,
எல்லோரும் தலையாட்டினோம்.
அவர்கள் அனுப்பிய வழவழப்பான ஃபைலில்
இப்போது கரண்ட் பில் இருக்கிறது.

கேமராக்கள் பார்த்தது வெறும் ஆவி.
துடைத்தால் சேறு. சேற்றைத் துடைத்தால் பனி.
ஒன்பதாவது ராத்திரி அவளுக்குப் பொறுக்கவில்லை.
"மண் போயிடுச்சுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுது?"
"கேட்டாலே தெரியும்."
"சரி, கேக்கறேன். சொல்லுங்க."
"என்னை இல்லம்மா.
டிரம்மை."

கிண்டல் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டாள்.
அந்தக் கோபம் மட்டும் என் நோட்டில் மூன்று பக்கம்.
பிறகு பேச்சு நின்றபோது
டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.
முதலில் ஈரச் சாக்கை இழுக்கிற மாதிரி.
போகப் போக, செருப்பில்லாமல் யாரோ ஓடுகிற மாதிரி.
அப்புறம் கட்டையில் கட்டை,
டக டக டக,
ஹாலன் நிமிரக்கூட இல்லை, லீவரை இழுத்தார்.
அவள் உறைந்த இரும்பில் காதை வைத்தாள்.
லாரி போய் வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

அடுத்த வாரம் நூற்றிருபது ரூபாய் மைக் ஒன்று
டிராக்டர் டியூப் ரப்பரில் சுற்றப்பட்டு
டிரம்மின் தாங்கியில் ஏறியது.
மைக் அவளுடையது. ரப்பர் அவருடையது.
எங்கே கட்டுவது என்பதில் இருவருக்கும் தகராறு.
யோசனை யாருடையது என்ற இடத்தை
நான் காலியாக விட்டிருக்கிறேன்.
மண் போனதும் மெஷின் தானாக நின்றது.
பத்துக் குடத்தில் மூன்று குடம்
ஓடையிலேயே தங்கியது.

இது மூன்றாம் வருஷம்.
ஹாலன் ஹெர்ட்ஸ் என்கிறார்.
தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டு
"ரெண்டாவது டிரம்முக்கு இன்னும் ஒரு கை" என்கிறாள்.
இருவரும் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.
வாக்கியத்தை ஒருவர் தொடங்கினால் போதும்.
டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது,
குறிப்பு நாலே வரி,
எனக்கு அடிக்கடி பச்சைப் பெயின்ட் ஞாபகம்.

நேற்று ஒப்பந்தம் புதுப்பிக்கிற படிவம் வந்தது.
யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கட்டங்கள்:
பணம், மெஷின், ஆள், நேரம்.
தெரியாததைக் கொண்டுவருகிறவர்களுக்குக் கட்டம் இல்லை.
அங்கங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.
தொட்டியின் அடியைப் பார்த்தபடி அவள் கேட்டாள்,
"நாப்பது பேர் கேரட்டு வருது.
இதில எந்த மண்ணு யார் தோட்டத்து மண்ணு?"
ஹாலன் வாயைத் திறந்தார்.
மூடிக்கொண்டார்.
குனிந்து ஒரு பிடி அள்ளி
முகர்ந்து பார்த்து, அவளிடம் நீட்டினார்.
அவளும் முகர்ந்தாள்.
லாரி ஹாரன் அடித்தது, யாரும் எழவில்லை.

டம்ளரில் மெல்ல ஆடை படியத் தொடங்கியிருந்தது.
நான் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டேன்.